முதுகு காட்டும் காட்சி

பொத்தான் என்ற பெயர் அவனுக்கு மூன்று வயதில் ஒட்டிக்கொண்டது. அப்பாவின் சட்டைப் பொத்தானை விழுங்கிவிட்டு இரண்டு நாள் வீட்டையே பதைபதைக்க வைத்தவன் அவன். வளர்ந்து ஆளான பிறகு, குரல் பதிவு செய்யும் ஸ்டுடியோவில் வரிசை வரிசையான பொத்தான்களுக்கு முன்னால் உட்காரும் வேலை கிடைத்தது. "விழுங்கினது விதையா இருந்து முளைச்சிருச்சு" என்பாள் தங்கை.

தங்கை ஸ்டுடியோவின் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருப்பவள். வேற்றுமொழித் தொடர்களுக்குத் தமிழ்க்குரல் கொடுப்பது அவள் தொழில். கிழவியாக இருமுவாள், பள்ளிக்கூடத்துப் பிள்ளையாகச் சிணுங்குவாள். ஒரு கார்ட்டூனில் அவள் பேசிய அணில் அப்படிப் பிரபலமாகி, வீட்டிலும் ஸ்டுடியோவிலும் அணில் என்பதே அவள் பெயராகிவிட்டது. ஆனால் ஆறு வருடமாக அண்ணன் மட்டும் அவளை அப்படிக் கூப்பிடுவதில்லை. ஏன் என்று அவளும் கேட்டதில்லை.

இப்போது செய்துகொண்டிருந்தது ஓர் ஆவித் தொடர். பழைய மாளிகை ஒன்றில் இரண்டு ஆவிகள். ஒன்று, தீ விபத்தில் கிழக்கு அறைக்குள் மாட்டி இறந்த பெண். மற்றொன்று, அந்த வீட்டுக் காவலாளி. கிழக்கு அறையை வெளியிலிருந்து பூட்டியவனே அவன்தான் என்பது அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. தொண்ணூறு அத்தியாயமாக அவளுக்காகத் திரைச்சீலையை விலக்கிவிடுகிறான், நின்றுபோன கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கிறான். புகை மற்றப் பக்கம் பரவி வேலைக்காரர்களின் பிள்ளைகளைக் கொன்றுவிடக் கூடாது என்று பூட்டினானா, பயந்து பூட்டிவிட்டு ஓடினானா? தொடர் கடைசிவரை வாயைத் திறப்பதில்லை. காவலாளி நல்லவனா கெட்டவனா என்று வீட்டுக்கு வீடு சண்டை.

அன்று மதியம் கடைசி அத்தியாயம். பூட்டியது தான்தான் என்று காவலாளி ஒப்புக்கொள்கிறான், ஏன் என்று மட்டும் சொல்வதில்லை. அவள் அழுகிறாள்.

வேலை தொடங்கும் முன்பே தங்கை இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "அண்ணா, இன்னைக்கு அழுகைய நானேதான் அழுவேன். அந்த மகராசியோடத எடுத்துப் போட்ட, நடக்கறதே வேற."

பொத்தான் திரையில் ஏதோ பார்ப்பதுபோலத் திரும்பிக்கொண்டான்.

அந்த மகராசியின் கதை இது. முதல் அத்தியாயத்தின்போது தங்கைக்குத் தொண்டை கட்டியிருந்தது. பேசியது எப்படியோ தேறிவிட்டது, அழுகைதான் தேறவில்லை. நேரம் ஓடிக்கொண்டிருந்ததால் பொத்தானின் கை பழைய பதிவு ஒன்றைத் தேடிப் போயிற்று. இந்த ஒரு தடவைதானே என்று எடுத்துப் போட்டான். வசனம் எழுதுகிற சார் நாற்காலியைவிட்டே எழுந்துவிட்டார். "அழுகைன்னா இதுய்யா! ஏது?" என்றார். "லைப்ரரில இருந்தது சார்" என்றான் பொத்தான். அன்றிலிருந்து ஆவிப் பெண் அழும்போதெல்லாம் அதே அழுகை. கேட்டவர்கள் உருகினார்கள். தங்கையோ முகம் தெரியாத அந்தக் குரல்காரியை நினைத்து உள்ளுக்குள் புகைந்தாள்.

தன் அழுகையை வெளியே நின்று கேட்டவர் யார்? அது அவளுடையதுதான் என்று அவளுக்குத் தெரியவில்லை.

இன்று மூன்று டேக் எடுத்தாயிற்று. மூன்றும் நன்றாகத்தான் இருந்தன. சார் மூக்கைச் சொறிந்தார்.

"நல்லாத்தான் இருக்கும்மா. ஆனா கண்ணீர் வருது, குலை நடுங்கல. பொத்தான், பழசையே போட்டுருப்பா. நான் ஒரு டீ குடிச்சிட்டு வந்துடறேன்."

அவர் தலை மறைந்ததும் தங்கை கழுத்தில் ஹெட்போனோடு இந்தப் பக்கம் வந்துவிட்டாள்.

"யாரு அவ? பேரச் சொல்லு."

"விடேன்."

"நம்பர் குடு. போய்க் கால்ல விழுந்து கத்துக்கிட்டு வரேன். என் வாய்க்குள்ள இன்னொருத்தி உக்காந்து அழுதுட்டிருக்கா, எனக்கு எப்படி இருக்கும்?" சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் கண் கலங்கியிருந்தது.

திரையில் காவலாளியின் முகம் பாதி வாக்கியத்தில் உறைந்து நின்றது. வாய் திறந்தபடி இருந்தது. சொல்லாமல் விட்டால் எதுவும் ஆகாது, இன்னும் ஒரு மணி நேரத்தில் தொடரே முடிந்துவிடும். சொன்னால், அந்த நாளைப் பற்றிய எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். உலகத்தில் அவனுக்கு மிச்சமிருக்கும் ஒரே ரத்த உறவு, எதிரே இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றது.

"அது நீதான்" என்றான்.

"எது நான்தான்?"

"அந்த அழுகை. அப்பா போன அன்னைக்கு நீ உள்ள இருந்தே. மைக்க நான் நிறுத்தல. பதிவாயிருச்சு. அழிக்க மனசு வரல."

அவள் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தாள். அவன் நிறுத்தவில்லை. நிறுத்தினால் மறுபடி தொடங்க முடியாது என்று தெரியும்.

"இன்னொண்ணும் இருக்கு. ஆஸ்பத்திரிலேர்ந்து போன் வந்தது மூணு மணிக்கு. உங்கிட்ட சொன்னது மூணே முக்காலுக்கு."

அவள் கணக்குப் போடுவது முகத்தில் தெரிந்தது. "அந்த முக்கால் மணி நேரம் நான் என்ன பண்ணிட்டிருந்தேன்?"

"அணில் பேசிட்டிருந்தே."

"கொட்டைய ஒளிச்சு வெச்சுட்டு எங்க வெச்சோம்னு தேடுற சீன்." அவளுக்கு ஞாபகம் இருந்தது. "விழுந்து விழுந்து சிரிச்சேன். நீ கட்டைவிரலத் தூக்கிக் காமிச்சே."

"ஆமா."

"ஏன்ணா?"

"உனக்கு இன்னும் கொஞ்ச நேரம் அப்பா இருக்கட்டும்னு நெனச்சேன். அன்னைக்குச் சாயங்காலம் அந்த வேலைய அனுப்பியாகணும்னும் நெனச்சேன். எத மொதல்ல நெனச்சேன்னு ஆறு வருஷமா யோசிக்கறேன். தெரியல."

"மொதல்ல சொன்னத மட்டும் சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா நீ உடனே மன்னிச்சிருப்பே."

அவள் கழுத்திலிருந்த ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். பிறகு, "முழுசாப் போடு" என்றாள்.

"வேண்டாம்."

"என்னோடதுதானே? போடு."

போட்டான். முதலில் அணிலின் சிரிப்பு, கிச்சுக்கிச்சென்று. அப்புறம் அமைதி. ஹெட்போன் வழியாக அவன் அவள் காதுக்குள் பேசியது மைக்கில் ஏறவில்லை. "என்ன?" என்ற அவளுடைய ஒற்றைச் சொல் மட்டும் இருந்தது. அப்புறம் ஊரே கேட்ட அந்த அழுகை. தங்கை கண்ணை மூடிக்கொண்டாள். கதவு திறக்கும் சத்தம் வந்தது. எப்போதும் இந்த இடத்தில்தான் பொத்தான் வெட்டிவிடுவான். இதற்குமேல் அவனும் கேட்டதில்லை. நிறுத்தப் போன அவன் கையை அவள் பிடித்துக்கொண்டாள்.

நாற்காலி ஒன்று உருண்டது. பிறகு புஸ், புஸ் என்று ஏதோ காற்றுப் போகிற சத்தம்.

"என்னது அது?" என்றாள் தங்கை.

"நான்" என்றான் பொத்தான் கூச்சத்துடன்.

"அழறியா? ஓட்டை விழுந்த சைக்கிள் பம்ப் மாதிரில்ல இருக்கு!"

அந்தப் புஸ்புஸ்ஸுக்கு நடுவே பதிவில் அவள் குரல் வந்தது. மூக்கடைத்து, உடைந்துபோய், ஆனால் தெளிவாக: "அழாத அண்ணா. நான் இருக்கேன்ல."

சொன்னது அவளுக்கும் நினைவில்லை, கேட்டது அவனுக்கும் நினைவில்லை. இருவரும் ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், யாரோ மூன்றாவது மனுஷி உள்ளே வந்து நிற்பதுபோல. பொத்தான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். துடைத்த பிறகும் மங்கலாகவே தெரிந்தது.

"கோபம் இருக்கு. இல்லன்னு சொல்ல மாட்டேன்" என்றாள் அவள். "நாளைக்கு ஞாபகம் வரும், போன் பண்ணித் திட்டுவேன். சாப்பிட உக்காரும்போது ஞாபகம் வரும், அப்பவும் திட்டுவேன்."

"சரி."

"போன எடுக்காம இருந்திடாத."

"எடுக்கறேன்."

"அந்த அழுகைய இனிமே எதுலயும் போடக் கூடாது. எனக்கும் அப்பாவுக்கும் நடுவுல உள்ளது அது."

"சரி."

சார் டீ வாசனையோடு உள்ளே வந்தார். "என்னப்பா, பழசப் போட்டாச்சா?"

"இல்ல சார்" என்றாள் தங்கை. "அவ அழுகைய நானே புதுசா அழறேன். அதுக்கு முன்னால ஒரு யோசனை. அவ அழுது முடிச்சதும் காவலாளி முதுகக் காட்டி நிக்கிறானே, அது எவ்வளவு நேரம்?"

"பன்னெண்டு செகண்ட். அவங்க மொழியில அங்க ஒண்ணுமில்ல. சும்மா நிக்கிறான்."

அந்தத் தொழிலில் இருப்பவர்கள் முதுகு காட்டும் காட்சி வந்தால் பண்டிகை கொண்டாடுவார்கள். வாய் தெரியாது, உதடு தெரியாது. எதை வேண்டுமானாலும் பேச வைக்கலாம். முதுகு காட்டினால் நம்ம ராஜ்ஜியம் என்று சாரே அடிக்கடி சொல்வார்.

"அங்க அவன் அழட்டும் சார்" என்ற தங்கை அண்ணனைத் திரும்பிப் பார்த்தாள். "என் குரல் வர்றதுக்கு முன்னால வெட்டிடு. ஊரே என்னோடதக் கேட்டுச்சில்ல? உன்னோடதையும் கேக்கட்டும்."

பொத்தான் மறுபேச்சில்லாமல் வெட்டி, ஒட்டி, ஓட்டிக் காட்டினான். திரையில் அகன்ற முதுகு, கருகிய கோட்டு. புஸ், புஸ்.

சார் முகம் முதலில் கோணியது. பிறகு நேரானது. பிறகு டீக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"சைக்கிள் பம்ப் மாதிரி இருக்கு" என்றார் மெதுவாக. "ஆனா இவ்வளவு நாளா இந்தப் பயல நம்பலாமா வேண்டாமான்னு குழம்பிட்டிருந்தேன். இப்ப... தெரியல, பாவமா இருக்குய்யா. யாரு குரல் இது?"

"லைப்ரரில இருந்தது சார்" என்றாள் தங்கை, முகத்தில் சிரிப்பின் சாயலே இல்லாமல்.

அவள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போனாள். ஹெட்போனை மாட்டி, தண்ணீர் குடித்து, மைக்கின் உயரத்தைச் சரிசெய்தாள். அவள் காதுக்குள் பேசும் பொத்தானில் அண்ணன் விரலை வைத்தான். அன்றைக்குப் பிறகு அந்தப் பொத்தானைத் தொடும்போதெல்லாம் விரல் ஒரு கணம் தயங்கும். இன்றும் தயங்கியது.

"அணிலு, ரெடியா?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். ஆறு வருடத்துக்குப் பிறகு கேட்ட பெயர். மூக்கைச் சுருக்கிக்கொண்டாள்.

"இல்ல. முக்கால் மணி நேரம் ஆகும். உக்காந்திரு."

சார் கைக்கடிகாரத்தைப் பார்த்து அலறினார். பொத்தான் விரலை எடுத்துவிட்டு, கைகட்டி, நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருந்தான்.