வைத்தியர் வருகிறார்

சினியோரா எமிலியானாவைக் கடல் கடந்து துனிஸுக்குக் கூட்டிக்கொண்டு போவதென்று அவருடைய மகன் சல்வோ முடிவெடுத்தபோது ஞானம்பிகையிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பாள். ஐந்து வருடமாக இத்தாலியின் பலெர்மோவில் அந்தக் கிழவியைக் குளிப்பாட்டி, உடுப்பு மாற்றி, சாப்பாடு தீத்தி வந்தவள் அவள். எழுந்ததும் கதவு எந்தப் பக்கம் என்று தேடுகிற ஒருவரைக் கப்பலில் ஏற்றி ஊர் பார்க்கக் கொண்டுபோவது அவளுக்குச் சரியாகப் படவில்லை.

"அம்மா பிறந்து வளர்ந்த இடம். நாற்பது வருசமாப் போகேல்லை. எல்லாம் மறக்கமுதல் ஒருக்காப் பாக்கட்டும்," என்றார் சல்வோ. "சனி, ஞாயிறு ரெண்டு நாள்தான். நீ இல்லாமல் ஏலாது, ஞானா."

பலெர்மோவின் அல்பெர்கேரியாப் பகுதியில் அவர்களுடைய ஒற்றை அறை வீட்டில் அவளுடைய கணவர் பத்மநாதன் இதைக் கேட்டுச் சிரித்தார். "காசில்லாமல் வெளிநாடு பாக்கப் போறீர், பிறகென்ன? பெர்மெஸ்ஸோவை மட்டும் மறந்திடாதேயும். அந்த வதிவிடக் கடுதாசி இல்லாட்டித் திரும்பி உள்ளுக்கை விடமாட்டாங்கள்."

கப்பல் சனி காலையில் லா குலெத் துறைமுகத்தை அடைந்தது. சினியோரா பிறந்தது அந்தக் கரையோர ஊரில்தான். சல்வோ தாயின் சக்கர நாற்காலியைத் தளத்தின் ஓரத்துக்குத் தள்ளிப்போய், "மம்மா, பாருங்கோ, எங்கை வந்திருக்கிறம்?" என்று கேட்டார். சினியோரா தன் கையுறையின் பொத்தானைக் கழற்றிப் பூட்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

அன்று முழுக்கத் துனிஸைச் சுற்றினார்கள். மரங்கள் நிழல் கொட்டும் பெரிய சாலை, கதீட்ரல், கண்ணாடிச் சுவர் வைத்த ஹோட்டல்கள், தரையிலிருந்து கூரைவரை கல்லாலே படம் பதித்த நூதனசாலை. பழைய சந்தையின் கல்பாவிய சந்துகளில் நாற்காலிச் சக்கரம் திரும்பத் திரும்ப மாட்டிக்கொண்டது. ஞானம்பிகையும் சல்வோவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினார்கள். ஒவ்வொரு இடத்திலும் சல்வோ கையிலிருந்த வழிகாட்டிப் புத்தகத்தை உரத்து வாசித்தார், தாயைப் படம் எடுத்தார். சினியோரா இடைக்கிடை இத்தாலியனில் "தண்ணி" என்றார், "குளிருது" என்றார். அந்த ஐந்தாறு சொற்களுக்குள்தான் ஞானம்பிகையின் வேலை முழுவதும் இருந்தது.

ஞாயிறு, பின்னேரம் கப்பல் ஏறவேண்டும். காலையிலேயே சிறு ரயிலில் ஏரியைக் கடந்து லா குலெத்துக்குத் திரும்பினார்கள். தகப்பனுடைய பழைய கடிதமொன்றிலிருந்த விலாசத்தைச் சல்வோ தேடிப்பிடித்தார். அங்கே மூன்று மாடிக் கட்டடம் ஒன்று நின்றது. மேலே டிஷ் அன்ரனாக்கள், கீழே போட்டோக்கொப்பிக் கடை. தாயும் தகப்பனும் இருந்த வீட்டைக் காணவில்லை. பிறகு எதிர்ப்பக்கத் தேநீர்க் கடையில் மூவரும் இருந்தார்கள்.

கடைக்காரர் நரைத்த மீசை வைத்த மனிதர். புதினாத் தேநீரை வைத்துவிட்டுச் சினியோராவிடம் ஏதோ அரபியில் கேட்டார். சினியோரா பதில் சொன்னார், அரபியிலேயே. தட்டுத்தடங்கல் இல்லை. கடைக்காரர் வியந்து இன்னொன்று கேட்க, அதற்கும் நீளமாகப் பதில் வந்தது. சல்வோ கமெராவை எடுத்தார். அவருடைய கண் கலங்கியிருந்ததை ஞானம்பிகை கண்டாள்.

பிறகு சினியோரா ஞானம்பிகையின் பக்கம் திரும்பி அதே பாஷையில் ஏதோ சொன்னார்.

அவள் தண்ணீர்ப் போத்தலை நீட்டினாள். சினியோரா அதைத் தட்டிவிட்டார். சால்வையைப் போர்த்தினாள். அதை இழுத்து நிலத்தில் எறிந்தார். கழிவறையைக் கையால் காட்டினாள். சினியோரா தலையை ஆட்டி, இன்னும் உரத்து, அதே வசனத்தைச் சொன்னார். "மப்ரூக்கா" என்ற சொல் மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. கடைசியில் ஞானம்பிகையின் கையில் பளாரென்று ஒரு அடி விழுந்தது. அடித்த கிழவிதான் அழத் தொடங்கினார்.

சல்வோவுக்கு அரபு தெரியாது. பலெர்மோவில் பிறந்தவர். "என்ன கேக்கிறா?" என்று கடைக்காரரிடம் இத்தாலியனில் கேட்டார். அந்த மனிதருக்கு இத்தாலிய டெலிவிஷன் பார்த்துப் பார்த்து அந்தப் பாஷை வந்திருந்தது.

அவர் தயங்கினார். "பிள்ளை நெருப்பாக் கொதிக்குதாம். மூச்சு இழுக்குதாம். மப்ரூக்கா, ஏன் மரம் மாதிரி நிக்கிறாய், ஓடிப்போய் வைத்தியரைக் கூட்டிவா எண்டு கேக்கிறா."

"எந்தப் பிள்ளை? அவவுக்கு நான் ஓராள்தான்."

சல்வோ தாயின் முன் முழங்காலில் இருந்து, "மம்மா, நான் சல்வோ," என்றார். சினியோரா வழி கேட்க வந்த அந்நியனைப் பார்ப்பதுபோல மரியாதையாகப் பார்த்துவிட்டு, மறுபடி ஞானம்பிகையின் கையைப் பற்றினார்.

"வைத்தியர் வாறார் எண்டு எப்பிடிச் சொல்லுறது?" ஞானம்பிகை கடைக்காரரிடம் கேட்டாள்.

"தபீப் ஜாய்."

"தபீப் ஜாய், சினியோரா," என்றாள்.

கிழவியின் விரல்கள் தளர்ந்தன. ஒரு கோப்பை தேநீர் ஆறுகிற நேரம்தான். பிறகு மறுபடி அதே கேள்வி, அதே அழுகை. அவள் மறுபடி சொன்னாள். வீதியில், கடற்கரையில், துறைமுக வாசலில் என்று எத்தனை முறை சொன்னாளோ அவளுக்கே தெரியாது. ஒவ்வொரு முறை சொல்லும்போதும், வராத அந்த மனிதரைத் நான்தான் இன்னும் பிந்த வைக்கிறேனோ என்று இருந்தது.

துறைமுகத்துக்கு முன்னாலிருந்த போன் கடையிலிருந்து பத்மநாதனுக்கு எடுத்தாள்.

"இஞ்சேருங்கோ, மனுசிக்கு என்னை ஆரெண்டே தெரியேல்லை. அரபு கதைக்கிறா. எனக்கு ஒண்டும் விளங்கேல்லை."

"கப்பல் ஏறினாச் சரியாப் போயிரும்."

"போகாட்டி?"

"வாரும். வந்தபிறகு பாப்பம்."

சரியாகப் போகவில்லை. பலெர்மோவில் தன் சொந்தக் கட்டிலில் படுத்தபடியும் சினியோரா மப்ரூக்காவைத்தான் கூப்பிட்டார். செவ்வாய்க்கிழமை குடும்ப வைத்தியர் பையோடு வீட்டுக்கு வந்தார். ஞானம்பிகை, இனி இது முடிந்துவிடும் என்று நினைத்தாள். அவரை முன்னால் விட்டு, "தபீப், சினியோரா. தபீப்," என்று காட்டினாள்.

சினியோரா எழும்பினார். மாதக்கணக்கில் தானாக எழும்பாதவர், வைத்தியரின் கோட்டுக் கையைப் பிடித்து அடுத்த அறைக்கு இழுத்துக்கொண்டு போனார். அங்கே உடுப்பு மினுக்குகிற பலகையும் மடிக்காத படுக்கை விரிப்புகளும்தான் இருந்தன. சினியோரா விரிப்புகளை ஒவ்வொன்றாக விலக்கிப் பார்த்தார். வைத்தியர் அவரை மெல்ல ஒரு கதிரையில் இருத்தி, இரத்த அழுத்தம் பார்த்து, குளிசை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

அன்றைக்குச் சல்வோ கத்தானியாவில் இருக்கும் தன் பெரியம்மாவுக்குப் போன் எடுத்தார். பிறகு குசினிக்கு வந்து, கழுவிய கோப்பை ஒன்றை எடுத்து மறுபடி கழுவினார்.

"ஒரு பெண்பிள்ளை இருந்ததாம். மூண்டு வயசு. காய்ச்சல். வேலைக்காரப் பெட்டை ஓடித்தான் போனதாம், வைத்தியர் வீட்டிலை இல்லையாம்." தண்ணீரை நிறுத்தினார். "எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை, ஞானா. நான் கொண்டுபோயிருக்கக் கூடாது."

அவள் அந்தக் கோப்பையை வாங்கித் துடைத்து வைத்தாள்.

"அடுத்த மாசம் கன்னியாஸ்திரிகளின்ரை இல்லத்திலை விடப்போறன். என்னாலை இதைப் பாக்க ஏலாது. உன்ரை பெர்மெஸ்ஸோ புதுப்பிக்கிற வரைக்கும் வேலைக் கடிதம் தாறன்."

"ஓம், சினியோர்," என்றாள். வேறு சொல்ல அவளுக்கு உரிமையும் இல்லை.

ஒரேத்தோப் பகுதியில் ஒரு வீட்டைத் துப்புரவாக்கும் வேலை பிறகு அவளுக்குக் கிடைத்தது. ஒரு ஞாயிறு, பஸ் எடுத்து இல்லத்துக்குப் போனாள். சினியோரா யன்னலோரம் இருந்தார். மெலிந்திருந்தார், ஆனால் அழவில்லை. ஞானம்பிகையைக் கண்டதும் கதிரையைத் தட்டி அருகில் இருக்கச் சொன்னார். பிறகு நிதானமாக, நீளமாக, அரபியில் ஏதோ கேட்டார்.

ஞானம்பிகை உன்னிப்பாகக் கேட்டாள். தபீப் என்ற சொல் அதில் இல்லை. மப்ரூக்காவும் இல்லை. இது வேறு ஏதோ.

சினியோரா அவளுடைய முகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார். பதில் வராததைக் கண்டு, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல, ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி மறுபடி கேட்டார்.

"ஓம், சினியோரா," என்றாள் அவள், தமிழில்.

கிழவி அதைக் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு தலையை இல்லையென்று ஆட்டி, மூன்றாம் முறையாகக் கேட்டார்.