இருபத்தெட்டுக் காதுகள்

காது பரிசோதனை அறையில் பதினோரு வருடமாக உட்கார்ந்திருப்பவளை எல்லோரும் காதக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் பத்திரமாக இருந்தது. அங்கேயே இருந்துவிட்டுப் போகட்டும் என்று அவளும் விட்டுவிட்டாள்.

வேலை எளிது. வருகிறவரைக் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார வைத்து, தலையில் ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுக்க வேண்டும். "பீப்னு ஒரு சத்தம் வரும். கேட்டா அமுக்குங்க. லேசா கேட்டாலும் அமுக்குங்க. கேக்காம அமுக்காதீங்க." இதை ஒரு நாளைக்கு ஏழெட்டு முறை சொல்வாள். தூக்கத்திலும் சொல்வதாகப் புருஷன் புகார் செய்திருந்தார். மற்றதையெல்லாம் கணினி பார்த்துக்கொள்ளும். பீப் போன இரண்டு வினாடிக்குள் பொத்தான் அமுங்கினால், கேட்டது என்று குறித்துக்கொள்ளும். அமுங்காவிட்டால், கேட்கவில்லை என்று குறித்துக்கொண்டு சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி மறுபடி அனுப்பும்.

மூன்று வாரமாகக் கணினி இழுத்துக்கொண்டிருந்தது. காலையில் சுவிட்சைப் போட்டு, கூண்டைத் துடைத்து, ஹெட்போனுக்குப் பஞ்சு மாற்றி, டீ குடித்துவிட்டு வந்து பார்த்தாலும் திரையில் அந்தச் சின்ன வட்டம் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். காதக்கா உட்கார்ந்து அதைப் பார்ப்பாள். அதுவும் அவளைப் பார்க்கும். இருவருக்கும் அவசரமில்லை.

இதற்குக் காரணம் டாக்டரின் சகலை. அவருடைய அச்சகத்தில் ஒருநாள் எல்லாக் கணினிகளும் பூட்டிக்கொண்டு, கப்பம் கட்டினால்தான் திறப்போம் என்று திரையில் எழுத்து வந்தது. அதைக் கேட்ட டாக்டர் அன்றே தன் கணினிக்கும் ஒரு காவல் தேடினார். பட்டுத் தெளிந்த சகலை ஒரு ஆன்டிவைரஸைச் சிபாரிசு செய்தார். விஷயம் தெரிந்ததும் டாக்டரின் மச்சினன், "அவர் பேச்சைக் கேட்டா உருப்படுவீங்களா அத்தான்?" என்று வேறொன்றை அனுப்பினார். ஒருவர் மனைவியின் தங்கை புருஷன், இன்னொருவர் மனைவியின் சொந்தத் தம்பி. எவரைத் தள்ளினாலும் வீட்டில் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியது டாக்டர்தான்.

முப்பது வருடமாக நோயாளிகளுக்குச் செய்ததையே அவர் இப்போதும் செய்தார். ஒரு மருந்து போதுமா என்று சந்தேகம் வந்தால் இரண்டைச் சேர்த்து எழுதுவது அவர் கை வழக்கம். இரண்டையும் அவரே கணினியில் போட்டார். முழுச் சோதனை தினமும் மூன்று வேளை, காலை மதியம் மாலை, என்று நேரமும் குறித்தார்.

"சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா டாக்டர்?" என்று கேட்டது டோக்கன். வாசல் மேசையில் உட்கார்ந்து டோக்கன் கொடுப்பதால் அவருக்கு அந்தப் பெயர். டாக்டர் இங்கே வருவதற்கு நான்கு வருடம் முன்பே அந்த நாற்காலிக்கு வந்துவிட்டவர் என்பதால், டாக்டரைக் கிண்டல் செய்யும் உரிமை அவரிடம் மட்டும் இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குப் பஸ் டிரைவர் வந்தார். இது இரண்டாம் முறை. பத்து நாளைக்கு முன்பு வருடாந்தரத் தகுதிச் சோதனைக்கு வந்தபோது, இரண்டு காதிலும் கடுமையான குறைபாடு என்று காதக்காவின் கணினி சொல்லியிருந்தது. இருபத்திரண்டு வருடம் வண்டி ஓட்டியவரை அன்றே டிப்போவில் இறக்கி, பழைய டயர்களை எண்ணும் வேலையில் உட்கார வைத்துவிட்டார்கள்.

"எத்தனை டயருங்க?" என்றார் டோக்கன்.

"இருநூத்தி நாலு. பத்து நாளா எண்றேன், அதே இருநூத்தி நாலு." டிரைவர் சிரிக்கவில்லை. "இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள மறு அறிக்கை குடுக்கணுமாம். இல்லேன்னா ரிடையர் ஆகுற வரைக்கும் டயர்தான். எட்டு வருசம் இருக்கு." பிறகு தலையைச் சாய்த்து, "பக்கத்து ரூம் ஃபேன்ல பேரிங் போயிடுச்சு, பாத்தீங்களா?" என்றார்.

காதக்காவுக்கு எதுவும் கேட்கவில்லை. டோக்கன் எழுந்து பக்கத்து அறைக்குப் போய் ஃபேனுக்கு அடியில் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பினார். "ஆமாக்கா. நல்லாக் காதைக் குடுத்தா கரகரங்குது."

கூண்டுக்குள் உட்கார வைத்துப் பரிசோதித்தாள். கடுமையான குறைபாடு.

காதக்கா பெருமூச்சு விட்டாள். சாதாரணமாக அவள் திரையைத்தான் பார்ப்பாள். கூண்டுக்குள் இருக்கிற ஆளைப் பார்ப்பதை விட்டு ஏழெட்டு வருடமாயிற்று. எல்லோரும் ஒரே மாதிரிதான் உட்கார்ந்திருப்பார்கள், சாமி வரக் காத்திருப்பவர்கள் மாதிரி. இன்று மறுபடி ஓட்டிவிட்டுக் கண்ணாடி வழியாக டிரைவரின் கட்டைவிரலைப் பார்த்தாள். விரல் அமுங்கியது. திரையில் ஒன்றுமில்லை. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. அதன் பிறகு நிதானமாகத் திரையில் விளக்கு எரிந்தது. அதற்குள் கணினி, கேட்கவில்லை என்று எழுதி, சத்தத்தைக் கூட்டி, அடுத்த பீப்பை அனுப்பியிருந்தது.

டிரைவரை வெளியே வரச் சொல்லிவிட்டு அவளே உள்ளே போய் உட்கார்ந்தாள். டோக்கன் வெளியிலிருந்து ஓட்டினார். முடிந்ததும் கண்ணாடியைத் தட்டினார்.

"அக்கா, உங்களுக்கும் ரெண்டும் அவுட்டு."

பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தாள். இரண்டு ஆன்டிவைரஸும் குடியேறிய நாளிலிருந்து பரிசோதனைக்கு வந்தவர்கள் பதினான்கு பேர். பதினான்கு பேருக்கும் காது கேட்கவில்லை. ஒருவரும் சந்தேகப்படவில்லை. காதில் சந்தேகம் வந்தவர்கள்தானே இங்கே வருகிறார்கள், கணினி அதை உறுதிப்படுத்தினால் நன்றி சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். போன வாரம் டாக்டர்கூட, "இந்தக் காலத்துல எல்லாரும் ஹெட்போனும் காதுமா அலையுறாங்கம்மா, வேற எப்படி இருக்கும்?" என்று விளக்கம் சொல்லியிருந்தார்.

அவரிடம் போய்ச் சொன்னாள். டாக்டர் பொறுமையாகக் கேட்டார்.

"அதுக்காக எடுக்க முடியாதும்மா. பாதில நிறுத்தினா அப்புறம் ரொம்ப வேகமா திரும்பி வரும்."

"எது சார் வரும்?"

"எதுவா இருந்தாலும்."

மாடியில் கடை வைத்திருந்த கம்ப்யூட்டர் மெக்கானிக்கை டோக்கன் கூட்டிக்கொண்டு வந்தார். உலகத்தில் பாதிப் பேருடைய கணினியையும் தானே திறந்து பார்த்துவிட்டதைப் போல ஒரு களைப்பு அவர் முகத்தில் இருந்தது. திரையை இரண்டு நிமிடம் பார்த்தார்.

"ரெண்டு போட்டிருக்கீங்களே சார்."

"பலமா இருக்கட்டும்னுதான்."

"ஒரே வாசல்ல ரெண்டு வாட்ச்மேன் சார். உள்ள போறவனை ரெண்டு பேரும் சோதனை போடுறாங்க, அது போகட்டும். இவரு அவரைத் திருடன்னு நெனச்சு பாக்கெட்டைத் தடவுறாரு. அவரு சும்மா இருப்பாரா? இவரு பாக்கெட்டைத் தடவுறாரு. நாள் முழுக்க இதே பொழப்பு. உங்க பீப் பாவம், கியூவுல நிக்குது."

"அப்ப எதை எடுக்கறது?" என்ற டாக்டரின் குரலில் கணினியைவிடக் குடும்பம்தான் அதிகம் தெரிந்தது.

காதக்காவுக்குக் கால் வலித்தது. சுவர்க் கடிகாரம் பதினொன்றரையைத் தாண்டிவிட்டது. "சார், ஒவ்வொண்ணா வெச்சுப் பாத்துடுவோம். டோக்கனை உள்ள உக்கார வெச்சு, எதுல அவருக்கு எவ்வளவு காது கேக்குதுன்னு எழுதுவோம். யார் சொன்னது, எவர் சொன்னதுங்கற பேச்சே வேணாம். ஆராய்ச்சி மாதிரி."

ஆராய்ச்சி என்ற சொல்லைக் கேட்டதும் டாக்டர் தலையாட்டினார்.

டோக்கன் ஹெட்போனை மாட்டிக்கொண்டு மாப்பிள்ளை போல உட்கார்ந்தார். இரண்டும் சேர்ந்து இருக்கையில் அவருக்குக் கடுமையான குறைபாடு. அடுத்து மச்சினனுடையதை மெக்கானிக் நீக்கினார். அது லேசில் போகவில்லை. நிஜமாகவே எங்களை அனுப்புகிறீர்களா என்று ஒரு முறை கேட்டது. நீங்கள் இனி ஆபத்தில் இருக்கிறீர்கள் என்று சிவப்பில் மிரட்டியது. கடைசியில், பிரிவதற்கு வருந்துகிறோம், காரணம் சொல்ல முடியுமா என்று உருகி ஒரு கட்டத்தை நீட்டியது. டோக்கன் கூண்டிலிருந்து எட்டிப் பார்த்து, "காது கேக்கலைன்னு போடுங்க" என்றார். மெக்கானிக் அதையே போட்டார்.

சகலையுடையது மட்டும் இருந்தபோது, நடுத்தரக் குறைபாடு. அதை எடுத்துவிட்டு மச்சினனுடையதைத் திரும்பப் போட்டபோது, லேசான குறைபாடு. ஒவ்வொரு மாற்றத்துக்கும் கணினியை அணைத்துத் திறக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறையும் அந்த வட்டம் சுற்றுவதை ஐந்து பேரும் வரிசையாக உட்கார்ந்து பார்த்தார்கள்.

"அப்ப மச்சினனோடதே இருக்கட்டும்" என்றார் டாக்டர். மனைவியிடம் எதைச் சொல்லலாம் என்று தெரிந்துவிட்ட நிம்மதி அவர் முகத்தில் வந்தது.

"லேசான குறைன்னு வந்தாலும் வண்டி தர மாட்டாங்க சார்" என்றார் டிரைவர்.

மெக்கானிக் அதையும் நீக்கினார். கணினியை அணைத்துத் திறந்தார். வட்டம் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு நின்றது. காதக்கா தவறாகப் பார்த்துவிட்டோமோ என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். பீப் போனது, விரல் அமுங்கியது, விளக்கு எரிந்தது. மூன்றும் ஒட்டிப் பிறந்தவை போல நடந்தன. டோக்கனுக்கு இரண்டு காதும் இயல்பு.

"ஆனா இப்ப காவலே இல்லையேப்பா!" என்று டாக்டர் எழுந்து நின்றார்.

"இருக்கு சார். கம்ப்யூட்டர் வாங்கினப்பவே உள்ள ஒண்ணு இருந்தது. இவங்க வந்ததும், நமக்கெதுக்கு வம்புன்னு ஒதுங்கி உக்காந்துடுச்சு. இப்ப வீடு காலியானதும் தானா எழுந்து வேலைக்கு வந்துடுச்சு, பாருங்க."

"கூடவே வந்தது போதுமா?"

"இங்க நடக்கற வேலைக்குப் போதும். அப்டேட் கேட்டா அப்புறம் அப்புறம்னு தள்ளாதீங்க. கண்ட பென் டிரைவைச் சொருகாதீங்க. ரிப்போர்ட்டையெல்லாம் தனியா ஒரு நகல் எடுத்து வெளிய வெச்சுக்குங்க, அச்சகத்துல நடந்தது இங்க நடந்தாலும் பொழச்சுக்கலாம். முழுச் சோதனை வாரத்துக்கு ஒரு தடவை, மதியம் நீங்க சாப்பிடப் போற நேரத்துல. மூணு வேளையெல்லாம் வேணாம் சார்."

டிரைவர் கூண்டுக்குள் போகும்போது மணி மூன்றேகால். உயர் சுருதி ஒலியில் வலது காது ஒரு இழை குறைவு. இருபத்திரண்டு வருடம் இன்ஜினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்ததற்கு அது ஒன்றுமே இல்லை. வண்டி ஓட்டத் தகுதியுள்ளவர்.

இனி அறிக்கை எழுத வேண்டும். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சிகிச்சைக்குப் பிறகு நல்ல முன்னேற்றம்னு எழுதிடும்மா."

"என்ன சிகிச்சை சார்?"

"ரெண்டையும் எடுத்தோமே."

டிரைவர் குறுக்கிட்டார். "முன்னேற்றம்னு எழுதினா முன்னாடி நோய் இருந்ததா ஆயிடும் சார். மூணு மாசத்துக்கு ஒரு தடவை சோதனைன்னு இழுப்பாங்க. அதுவரைக்கும் வண்டியைத் தொட விட மாட்டாங்க."

"முதல் சோதனை தப்புன்னு எழுதச் சொல்றீங்களா? அப்படி எழுதினா மீதிப் பதிமூணு பேரும் வந்து நிப்பாங்கய்யா!"

பதிமூன்று பேர். ஒவ்வொருவருக்கும் பஞ்சு, ஹெட்போன், கேட்டா அமுக்குங்க, கேக்காம அமுக்காதீங்க. காதக்கா மனசுக்குள் அதைக் கூட்டிப் பார்த்தாள். அந்த அறிக்கைகளின் அடியில் இருந்ததும் அவள் கையெழுத்துத்தான்.

"வரட்டும் சார்" என்றாள்.

கணினி தாமதமாக இயங்கியதால் முதல் பரிசோதனையின் முடிவு தவறு, அதை ரத்து செய்கிறோம் என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, தாளை டாக்டர் பக்கம் நகர்த்தினாள். டாக்டர் பேனாவை எடுக்கவில்லை.

"உங்க கையெழுத்து இல்லாம டிப்போவுல வாங்க மாட்டாங்க சார். அப்ப இவரு திரும்ப இங்கதான் வருவாரு. தினமும் வருவாரு. டயர் எண்ணிட்டு உக்காந்திருக்கற ஆளுக்கு நேரம் நெறைய இருக்கும்."

டிரைவர் அதை மறுக்காமல் டாக்டருக்கு எதிரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு வசதியாக உட்கார்ந்தார். டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார்.

நாலே முக்காலுக்கு டோக்கனின் மேசையில் போன் அடித்தது. "வாங்கிக்கிட்டாங்க" என்றார் டிரைவர். "நாளைக்குக் காலைல ஆறு மணி வண்டி. மேடம் கிட்டச் சொல்லிடுங்க. அந்த ஃபேனையும் பாருங்க." பின்னால் ஏதோ வண்டியின் ஹாரன் ஒலித்தது. அவர் போனை வைத்துவிட்டார்.

காதக்கா பதிவேட்டைத் திறந்து, பதிமூன்று எண்களில் முதலாவதைச் சுழற்றினாள். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவருடைய வீடு. எடுத்தது ஒரு அம்மாள்.

"அவருக்குத்தான் காது கேக்காதே, எங்கிட்டச் சொல்லுங்க."

"அம்மா, காது பரிசோதனை நிலையத்துலேருந்து பேசறேன். அன்னிக்கு எங்க மெஷின்ல தப்பு. சாரை இன்னொரு தடவை கூட்டிட்டு வரணும். அவருக்குக் காது நல்லாத்தான் இருக்கும்னு நெனைக்கிறேன்."

அந்த அம்மாள் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்.

"அப்ப இந்த ரெண்டு வாரமா அவரைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு, என் தங்கச்சிகிட்ட நான் பேசினதெல்லாம்?"

காதக்கா கண்களை மூடிக்கொண்டாள்.

"கேட்டிருக்கும்மா" என்றாள். "வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குக் கூட்டிட்டு வாங்க."