கல்லில் ஒரு யாழ்

டப்ளின் மேலவையில் அன்று ஒரே கேள்விதான். பழைய நீதிமன்ற வாசலுக்கு மேலே உயரத்தில் இருக்கும் பிரிட்டிஷ் அரசரின் கல்சின்னத்தை இடிப்பதா, வேண்டாமா? அதன் மூலையில் அயர்லாந்தின் யாழும் உண்டு. பிரிட்டிஷ் சின்னங்களில் செதுக்குவதுபோல அந்த யாழின் தண்டில் சிறகு முளைத்த பெண் இருக்கிறாளா என்று அவைத்தலைவர் கோல்மன் டெவேனுக்குத் தெரிய வேண்டும். ஆனால் தலைவர் விவாதத்தில் பேசக் கூடாது.

வாக்குகள் சமமாக நின்றன. இனி அவர் வாக்களித்தே ஆகவேண்டும்.

"இப்பவாவது அந்த யாழைப் பத்திக் கேக்கலாமா?" என்று செயலர் நோலாவிடம் குனிந்து கேட்டார்.

"கேள்வியெல்லாம் கிடையாதுங்க. ஓட்டு மட்டும்தான்."

"அப்போ இடிக்க வேண்டாம்னு எழுதும்மா."

தீர்மானம் கொண்டுவந்த டூஹி கத்தினார். "ராஜா மேல அவ்வளவு பாசமா, கோல்மன்?"

"இடிச்சிட்டா நான் எங்கய்யா போய்ப் பாக்கிறது?"

சனிக்கிழமை ஏணியோடு போனார். யாழின் தண்டில் சிறகோடு அவள் இருந்தாள். மூக்குதான் இல்லை.