ஐம்பது முதல் ஐம்பத்துநாலு வரை

குளியலறைச் சாமான் கடைக்குக் கமோடு வாங்க வந்தவர்கள், விலையைக் கேட்குமுன் ஒரு மலையை ஏறி இறங்க வேண்டியிருந்தது. முதலாளி விடமாட்டார். கல்லாவுக்கு மேலே நான்கு தங்கப் பதக்கங்கள் தொங்கின.

"ஒரே வேரும் பாறையும் சார். பயந்து பிரேக்கைத் தொட்டீங்க, ஆள் காலி!" என்று அவர் கண்ணைச் சுருக்கித் தொலைதூரச் சிகரத்தைப் பார்ப்பார். வாடிக்கையாளர் பணிவோடு ஃபிளஷ் பொத்தானை அழுத்திப் பார்த்துக்கொண்டிருப்பார்.

மலை சைக்கிள் பந்தயத்தில், ஐம்பது முதல் ஐம்பத்துநாலு வயது வரைக்கான பிரிவில், நான்கு ஆண்டுகளாக அவர்தான் சாம்பியன். அந்தப் பிரிவில் நான்கு ஆண்டுகளாக அவர் ஒருவர்தான் ஓட்டினார் என்பதைப் பதக்கம் சொல்லாது. அவரும் சொல்லமாட்டார்.

இந்த ஆண்டு சகலைக்கு ஐம்பது நிறைந்தது.

"சகலை, நானும் பேர் குடுத்துட்டேன்," என்று போனில் சிரித்தார் அந்த மனிதர். "உங்க பிரிவுதான். பாவம், வருஷா வருஷம் தனியா ஓட்டுறீங்களே, துணைக்கு ஒரு ஆள்."

சாம்பியன் போனை வைத்தார். ஊரில் எவனிடம் தோற்றாலும் துடைத்துப் போட்டுவிடலாம். சகலையிடம் தோற்றால் மாமனார் வீட்டில் ஆயுசுக்கும் அதுதான் பேச்சு.

"உன் தங்கச்சி புருஷனுக்கு முட்டி வலின்னு சொன்னியே?" என்று மனைவியைக் கேட்டார்.

"அது போன வருஷங்க. இப்ப மாடிப்படி ரெண்டு ரெண்டா ஏறுறாராம்."

அன்றைக்குத்தான் அவருக்கு அந்த யோசனை உதித்தது. அடுத்த பிரிவு, ஐம்பத்தைந்துக்கு மேல். அந்த வயதில் எவன் மலையேறப் போகிறான்? கட்டிலில் ஏறினாலே பெரிது. பரிசளிப்பில் தன் கழுத்தில் பதக்கம் விழுந்ததும் படமெடுத்துக்கொள்ளப் போய்விடுகிறவர், அதன்பின் மேடையேறியவர்களை ஒருநாளும் கண்டதில்லை.

மாதம் தவறாமல் தலைக்கு மையடிக்கிற மனிதர், தன் வயதைக் கூட்டச் சொல்லிப் பந்தயம் நடத்தும் சைக்கிள் கடைக்காரர் முன் போய் நின்றார்.

"எல்லாரும் கொறைக்கச் சொல்லித்தான் சார் வருவாங்க," என்றார் கடைக்காரர்.

"ஸ்கூல்ல சேர்க்கும்போது ரெண்டு வயசு கம்மியாப் போட்டுட்டாங்க. நெஜத்துல எனக்கு ஐம்பத்தாறு."

"வீட்ல யாராவது வந்து சொல்லட்டும், மாத்திடுறேன்."

வீட்டில் சொல்லக்கூடியவர் அக்கா ஒருத்திதான். அவருக்கு ஒரே ஒரு வயது மூத்தவள். விஷயத்தைக் கேட்டதும் கையிலிருந்த துணியை மடிப்பதை நிறுத்தினாள்.

"இருடா. அப்ப நான் பொறந்தப்ப என் தொட்டிலை நீதான் ஆட்டுனியா?"

"விளையாடாதக்கா. ஒரு வார்த்தை சொன்னா போதும். மானப் பிரச்சனை."

"மண்டையில வயசைக் கொறைக்கிற, வாயில கூட்டுற. ரெண்டுல ஒண்ண நம்பச் சொல்லு, நம்புறேன்."

ஆனாலும் வந்தாள். இப்படியொரு வேடிக்கையை யார் விடுவார்கள்? சிரிக்காமல் சாட்சி சொன்னாள்.

பந்தயத்தன்று ஐம்பத்தைந்துக்கு மேற்பட்டவர்களின் கோட்டில் சாம்பியன் வந்து நின்றபோது, அங்கே முன்பே மூன்று பேர் இருந்தார்கள். வெயிலில் காய்ந்த சுள்ளி போன்ற உடம்பு; கெண்டைக்கால் மட்டும் முறுக்கிய கயிறு. ஒருவர் நாட்டுக்காகப் பந்தயம் ஓட்டியவர். இன்னொருவர் அவரைத் தோற்கடித்தவர். மூன்றாமவர் இருவரையும் தம்பி என்று கூப்பிட்டார்.

"கடைசி ஆளு ஒரு சுத்து பின்தங்கினா விசிலடிச்சு வெளிய எடுத்துடுவாங்க, தெரியும்ல?" என்று அந்த மூத்தவர் சாம்பியனிடம் அன்பாகச் சொன்னார்.

சாம்பியனுக்கு அது தெரியாது. தனியாக ஓட்டியவரை யார் பின்தங்க வைத்திருக்க முடியும்?

இரண்டாவது சுற்றின் பாதியில் பின்னாலிருந்து, "தம்பி, வலப்பக்கம்!" என்று குரல் வந்தது. சுள்ளி ஒன்று அவரைக் கடந்தது. விசில் ஊதினார்கள்.

சகலையோ மேட்டைக் கண்ட இடத்திலெல்லாம் இறங்கிச் சைக்கிளைத் தள்ளினார். நிழல் கண்டால் உட்கார்ந்தார். வழியில் வாழைப்பழம் தின்றார். அவர் பிரிவில் அவரை ஒரு சுற்று முந்த வேறு ஆளே இல்லை. வெயில் சாயும் நேரத்துக்குக் கோட்டைத் தாண்டினார், தங்கம்.

சாம்பியன் அக்காவிடம் ஓடினார். "அக்கா, அந்தக் கடைக்காரர்கிட்ட உண்மையைச் சொல்லிடு. எனக்கு ஐம்பத்துநாலுதான். நான் ஓட்டின ஒரு சுத்து, அவர் தள்ளின எந்தச் சுத்தையும்விட வேகம்!"

சைக்கிள் கடைக்காரர் பக்கத்தில்தான் நின்றார். அக்கா அவருக்கும் கேட்கும்படி, மரியாதை குறையாமல் சொன்னாள்: "என்னண்ணா இது, மூத்தவங்க நீங்களே இப்படிப் பேசலாமா?"

மேடையில் சகலை குனிந்து கழுத்தைக் கொடுத்தார். மாமனார் வீட்டில் ஒருவர் பாக்கியில்லாமல் வந்து கைதட்டினார்கள். மனைவி முன்வரிசையில் போனைத் தூக்கிப் பிடித்திருந்தாள்.

"என்னங்க, கொஞ்சம் தள்ளி நில்லுங்க," என்றாள். "மறைக்குது."