டீக்கடைப் பக்கம் திருப்பிய ஸ்பீக்கர்

டீச்சரம்மாவுக்கு வாய் மட்டும் இல்லையென்றால் நாய் தூக்கிக்கொண்டு போயிருக்கும் என்பது அவள் வீட்டுக்காரரின் பழைய கிண்டல். அந்த வாய்க்குத்தான் டாக்டர் இப்போது பூட்டுப் போட்டுவிட்டார். சின்னப் பிள்ளைகளுக்குக் கத்திக் கத்திப் பாடம் நடத்தியதில் தொண்டைக்குள் முடிச்சு விழுந்திருந்தது. ஒரு மாதம் பேசக் கூடாது, பாடக் கூடாது, முணுமுணுக்கவும் கூடாது. ஜெபம் பண்ணலாமா என்று அவள் கையைக் கூப்பிச் சைகையில் கேட்டாள்.

"மனசுக்குள்ள பண்ணுங்கம்மா. கடவுளுக்குக் காது நல்லாத்தான் கேக்கும்," என்றார் டாக்டர். பக்கத்தில் நின்ற வீட்டுக்காரர் சிரிப்பை அடக்க ரொம்பச் சிரமப்பட்டார்.

அவர் எரிந்துபோன மோட்டார்களுக்குக் காயில் கட்டுகிறவர். தெருவில் காயில்காரர் என்றால்தான் தெரியும். மூக்குக்கு மேல் கோபம் வரும், வந்த சுருக்கில் போயும் விடும். கல்யாணமாகிச் சில வருஷம் கழித்து, மனசு ஒடிந்துகிடந்த ஒரு காலத்தில், டீச்சரம்மா சபைக்குப் போக ஆரம்பித்தாள். அவர் தடுக்கவில்லை, கூடவும் வரவில்லை. ஞாயிறு தவறாமல் ஸ்கூட்டரில் கொண்டுவந்து வாசலில் இறக்கிவிடுவார். ஆராதனை முடியும்வரை எதிர்த்த டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்.

உள்ளே அவள் தன் பக்கத்து இடத்தில் கைப்பையை வைத்துக்கொள்வாள். யாராவது உட்கார வந்தால், "ஆள் வருது," என்பாள். ஆள் வந்ததே இல்லை. காயில் சுற்றும்போது அவர் அடித்தொண்டையில் முனகுவாரே, அந்தக் குரல் ஒரே ஒரு நாள் தன் பக்கத்தில் நின்று ஒரு பாட்டுப் பாடாதா என்று ஏங்குவாள். அந்த ஏக்கம் பசி மாதிரி. வேளை தவறாமல் வந்துவிடும்.

சும்மாவும் இருக்கவில்லை. அவர் முகம் மழிக்கிற கண்ணாடியில் வசனம் ஒட்டினாள். சாப்பாட்டு டப்பாவில் சுவிசேஷக் கைப்பிரதி வைத்தாள். ஒவ்வொரு வாரமும் சாட்சி நேரத்தில் எழுந்து, மைக்கைப் பிடித்து, அவருடைய கடின இருதயம் உடைய ஜெபிக்கச் சொன்னாள். அவர் கோபத்தில் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டதையும் விடவில்லை. கடைசியாக, சபைக்கு வெளியே மாட்டியிருந்த ஸ்பீக்கரை டீக்கடைப் பக்கம் திருப்பிவைக்கச் சொல்லி போதகரை அரித்தெடுத்தாள். ஆள் உள்ளே வராவிட்டால் பிரசங்கமாவது வெளியே போகட்டும் என்று கணக்கு. ஸ்பீக்கருக்குப் பிரசங்கம் எது, மற்றது எது என்று தெரியாது என்பது மட்டும் அவள் புத்திக்கு எட்டவில்லை.

வாய் பூட்டிய இரண்டாவது ஞாயிறு, சாட்சி நேரத்தில் அவளுக்கு இருமல் பொத்துக்கொண்டு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு வெந்நீருக்காக டீக்கடைக்கு ஓடினாள். அவர் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். ஸ்பீக்கரில் யாரோ ஒரு அம்மாவின் குரல், தன் மருமகள் திருந்த ஜெபிக்கும்படி தெருவுக்கே கேட்கக் கெஞ்சிக்கொண்டிருந்தது.

"என்ன காயில்காரரே, ரெண்டு வாரமா உங்க கேஸ் வரலையே! திருந்திட்டீங்களா?" என்றார் டீ மாஸ்டர். பெஞ்சே சிரித்தது.

அவரும் சிரித்தார். "அவளுக்குத் தொண்டை சரியில்லப்பா. சரியாகட்டும், வரும்."

"சோத்துத் தட்டு வரைக்கும் வந்துருச்சு. இன்னும் என்னங்க பாக்கி? பேசாம அந்த முக்குக் கடையில போய் உக்காருங்களேன். அங்க இந்தச் சத்தம் கேக்காது."

"அங்க உக்காந்தா அவ பாடுறதும் கேக்காதே," என்றார் அவர். "அத்தனை பேர் பாடினாலும் அவ குரல் தனியாத் தெரியும். மத்ததெல்லாம் பாசத்துல சொல்றாப்பா, விடு."

டீச்சரம்மாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஆண்டவரைக் காட்டுகிறேன் என்று கிளம்பியவள் கட்டின புருஷனைத்தான் தெருவுக்குக் காட்டியிருக்கிறாள். வாரா வாரம் அவர் மானத்தை வாங்கியிருக்கிறாள். அவரோ ஒரு பாட்டுக்காக அதையும் சேர்த்துக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். உள்ளே இருக்கிற யாருக்கு இந்தப் பொறுமை உண்டு? வெட்கத்தில் உடம்பு கூசியது. மன்னிப்புக் கேட்கவும் வாய் இல்லை. போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். டீ மாஸ்டர் கழுவின தம்ளர்களையே மறுபடி கழுவ ஆரம்பித்தார்.

"வெந்நீர் வேணுமா?" அவர் வாங்கி, ஆற்றிக் கொடுத்தார். "போ, அடுத்த பாட்டு ஆரம்பிச்சிருவாங்க."

அவள் மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டு, ஆராதனை முடியும்வரை அங்கேயே இருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் கண்ணாடியில் இருந்த வசனத்தைச் சுரண்டி எடுத்தாள். அவர் எந்த மோட்டார் எப்படி எரிந்தது என்று சொல்லும்போது உட்கார்ந்து கேட்டாள். முன்பெல்லாம் அவர் பாதி சொல்வதற்குள் இவளிடமிருந்து ஒரு வசனம் பாய்ந்துவரும். இப்போது கேட்க ஆள் இருந்ததால் அவர் பேசிக்கொண்டே இருந்தார். ஒரு நாள் வாடிக்கையாளர் மேலிருந்த கோபத்தில் மறுபடி தட்டைத் தள்ளினார். அவள் துடைத்துவிட்டு, வேறு தட்டில் போட்டு வைத்தாள். அவர் கொஞ்ச நேரம் தட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சாப்பிட்டார்.

ஆனால் ஸ்பீக்கர் விஷயம் அப்படிச் சுலபமாக இல்லை. அது போனால் அவளுடைய பாட்டும் அவருக்குப் போய்விடும். தன் குரலைக் கேட்கத்தான் அவர் அங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று இத்தனை வருஷம் கழித்து இப்போதுதான் தெரிந்திருக்கிறது. அதை இழக்க மனசு வரவில்லை. இருந்தும் மாதத்தின் கடைசி ஞாயிறு, ஆராதனை முடிந்ததும் போதகரிடம் போய், ஸ்பீக்கரைக் கழற்றிவிடுங்கள் என்று துண்டுத்தாளில் எழுதி நீட்டினாள்.

"நீங்கதானேம்மா திருப்பச் சொல்லி உசிரை வாங்குனீங்க!" என்றார் போதகர். கழற்றியும் விட்டார்.

மாதம் முடிந்தது. தொண்டை தேறிவிட்டது என்று டாக்டர் சொன்ன வாரம் அவள் சபையில் பாடினாள். சாட்சி நேரத்தில் மைக் அவளிடம் வந்தது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். வாங்கி அடுத்தவரிடம் கொடுத்துவிட்டாள்.

வெளியே வந்தபோது அவர் ஸ்கூட்டரோடு நின்றிருந்தார்.

"இன்னைக்குப் பாடலையா?"

"பாடினேங்க."

"ஒண்ணும் கேக்கலையே."

"ஸ்பீக்கரைக் கழட்டச் சொல்லிட்டேன்."

 ஸ்பீக்கர் இருந்த வெறும் சுவரை அவர் அண்ணாந்து பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்தார். சாவியைக் கையில் திருகிக்கொண்டே நின்றார்.

"உள்ள ஃபேன் இருக்கா?"

இத்தனை வருஷத்தில் சபையைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வி அது. அவள் தொண்டை வரை ஆயிரம் பேச்சு முட்டிக்கொண்டு வந்தது. எச்சிலோடு எல்லாவற்றையும் விழுங்கினாள்.

"இருக்குங்க."

"ம்," என்று அவர் வண்டியைக் கிளப்பினார். டாக்டர் சொன்ன ஒரு மாதத்தைக்கூட எப்படியோ ஓட்டிவிட்டாள். அன்றைக்கு வீடு போய்ச் சேரும்வரை வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் அவளுக்குப் பெரும்பாடாக இருந்தது.