தறிக்கூடத்தில் ராப்

எண்பத்தாறாம் வருசம். குமாரபாளையம் விசைத்தறிக் கூடத்தில் மாதையன் தறி ஓட்டினான். அவன் மனைவி சாலம்மாள் எதிரே உட்கார்ந்து நூல் சுற்றினாள். மூன்று நாளாக இரண்டு பேருக்கும் பேச்சில்லை. ஆடிப் பதினெட்டுக்கு ஆற்றுக்குக் கூட்டிப் போகிறேன் என்றவன், லாரி டிரைவர் சென்றாயன் பம்பாயிலிருந்து கொண்டுவந்த கேசட்டைக் கேட்கப் போய்விட்டான். இன்றைக்குச் சாயங்கால பஸ்ஸில் அவள் ஆத்தா வீட்டுக்குக் கிளம்புகிறாள்.

அந்தக் கேசட்டில் ஒரு அமெரிக்காக்காரன் கொட்டுக்குத் தகுந்தாற்போல மூச்சுவிடாமல் பேசினான்.

"இதுக்கு ராப்புன்னு பேருங்க," என்றான் சென்றாயன்.

"பாடத் தெரியாதவன் பண்ற ஏமாத்து வேலைடா இது," என்று சொல்லிக்கொண்டே மாதையன் ஏழு தடவை கேட்டான்.

இப்போது தறியின் அடி அதே கொட்டாக விழுந்தது. அவன் வாய் தானாக ஓடியது.

"பஸ்ஸுக்குப் போறவளே, பையத் தூக்கிப் போறவளே, தப்பெல்லாம் எம்மேல, தனியா ஊடு தாங்காது புள்ள!"

இந்தத் தறிச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும் என்ற தைரியம் அவனுக்கு. தறிக்காரர்கள் காதை நம்புவதில்லை, உதட்டைப் பார்த்தே பேசிக்கொள்வார்கள் என்பது ராப் மயக்கத்தில் மறந்துபோனது. நிமிர்ந்தால் கூடமே அவன் வாயைப் பார்த்துச் சிரிக்கிறது.

சாலம்மாளும் உதட்டை அசைத்தாள்.

"மானத்த வாங்கறீங்களே! போவல, போங்க. ஏனுங்க, மொதப் பாதிய நான் பாக்கல. மறுக்கா சொல்லுங்க."