இழுக்காத கயிறு

இடது தோள் கழன்று விழுவதுபோல் வலித்தது சிலுவைக்கு. சங்கு குளிப்பவனுக்காகத் தோணியில் நின்று கயிறு பிடிப்பது அவன் வேலை. கடலடியில் இருப்பவன் கயிற்றை இழுத்தால் அந்த நொடியே தூக்க வேண்டும். இருபது வருடத்தில் ஒரு முறையும் பிந்தியதில்லை.

தர்ம ஆஸ்பத்திரியில் அவனுக்குத் தைலம் கொடுத்துவிட்டு, நர்ஸ் அற்புதமணி அவன் மகள் ரெஜினாளைப் பார்த்தாள். பதினைந்து வயது. ஓயாத தலைவலி என்று கூட்டி வந்திருந்தான். அந்த வயதுப் பிள்ளைகள் எதற்கு வந்தாலும் நாலு கேள்வி கேட்காமல் அற்புதமணி விடமாட்டாள்.

"ராத்திரி தூக்கம் வருதா?"

"நல்லாத் தூங்குதாளே சிஸ்டர்," என்றான் சிலுவை.

"பசிக்கா?"

"நல்லாத் திங்குதாளே. நான் கொண்டுவார மீனு பின்ன யாருக்கு?"

"முன்ன ஆசையாச் செஞ்சத இப்பவும் செய்யிதியாம்மா?"

"கோயில்ல பாடுவா. இப்ப நேரமில்ல. அவ ஆத்தா போய்ச்சேந்து எட்டு மாசமாச்சுல்லா."

"அண்ணாச்சி, ஒங்க தோளு வலிய அவளா சொன்னா? கொஞ்சம் வாய மூடுங்க."

சிலுவை சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"செத்துப்போயிரலாம்னு தோணுதாம்மா?"

ரெஜினாள் தாவணி நுனியைச் சுருட்டினாள். "அம்மா சேலையில இருந்த மணம் போயிட்டு சிஸ்டர். அதுலேர்ந்து தெனமும் தோணுது."

சிலுவை பதறித் திரும்பினான். "ஏளா, என்ட்ட ஒரு வார்த்த சொல்லலியே!"

"அம்மா பேர எடுத்தா நீங்க எந்திச்சிப் போயிருவீங்களேப்பா."

"கீழ கெடக்கவன் கயித்த இழுத்து நான் தூக்காம இருந்திருக்கனா, சிஸ்டர்?"

"இவளுக்கு இழுக்கத் தெம்பில்ல அண்ணாச்சி. மனசு சோந்த பிள்ளைக தலவலி, வயித்துவலின்னுதான் வரும். நாமதான் கேக்கணும். கேட்டுட்டு, பதில அதுகளையே சொல்ல விடணும்."

அற்புதமணியே அவளை டாக்டரிடம் கூட்டிப் போனாள். வாரந்தோறும் வரச் சொன்னார் டாக்டர். சரியாகும்வரை தனியாக விடக் கூடாது என்றார்.

திரும்பும் வழியில், உப்பளத்து வரப்பில் சிலுவை உட்கார்ந்தான். மகளும் உட்கார்ந்தாள்.

"ஒங்கம்மா... அந்தோணியம்மா..." என்று தொடங்கினான். ரெஜினாள் காத்திருந்தாள். அவன் எழுந்து போகவில்லை.

அந்தப் பெயருக்கு மேல் அன்று ஒன்றும் வரவில்லை. எட்டு மாதப் பேச்சு, மகளுக்கு அவன் தர வேண்டிய பாக்கியாய் இன்னும் கிடந்தது.